செங்கண்ணிகளின் பில்

கட்டடம் எழும்பும் முன்பே
விளம்பரப் பலகையில் பறவைகள் இருந்தன.
நீச்சல் குளத்துக்கு மேலே மூன்று,
வெள்ளையாய், சத்தமில்லாமல்,
எச்சமும் இல்லாமல்.

செந்தூல் கொண்டோவின் மரப்பட்டியல் என் கைக்கு வந்தபோது
கெலாட் நாற்பத்திரண்டு,
ஆலின் தங்கச்சி வகை ஒன்பது.
நிழலுக்கு என்று எழுதியிருந்தார் வடிவமைப்பாளர்.
பழத்துக்கு என்று எழுதவில்லை.
எழுதாததைப் படிக்கத் தெரிந்தவை
ஐந்தாம் வருடம், மாலை ஆறே முக்காலுக்கு வந்தன.

மலாயில் பெர்லிங் மாத்தா மேரா.
தமிழில் என்ன பெயரோ, நான் செங்கண்ணி என்கிறேன்.
பச்சை மின்னும் கறுப்பு. கண் மட்டும்
சிகரெட் நுனி மாதிரி.
ஆயிரத்து இருநூறு வரை எண்ணினேன்,
பிறகு குடை விரித்தேன்.

நிர்வாகக் குழு ஒரு படிவம் தந்தது.
பறவையின் பெயர், பக்கத்தில் இரண்டு கட்டம்:
பயன். தொல்லை.
தேன்சிட்டு பயன், அது சுலபம்.
புல்தரையில் புழு பொறுக்கும் மைனா பயன்.
அதே மைனா ஏர்கோன் குழாயில் வைக்கோல் திணித்தால்
புதிய வரி போட்டு, தொல்லை.
கூகை எலி பிடிக்கும் என்றேன்.
அது ஒரு தரம் அலறினால்
வீடு விலைபோகாது என்றார் மேடம் சோங்.
குயிலுக்குப் பன்னிரண்டு புகார்.
காலை நாலரைக்கே ஆரம்பிக்கிறதாம்.
அதில் ஒன்று தமிழில்,
பி பிளாக் ஞானப்பிரகாசம்: 'இந்தச் சனியன்.'
காக்கைக் கூட்டில் முட்டையிட்டு
ஒரு காக்கைக் குஞ்சையாவது குறைப்பது அதுதான் என்று
ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினேன்.
ஓரத்தை யார் படிக்கிறார்கள்.

முதலில் வலை. பச்சை நைலான்.
ரஃபிக்குல் ஏணியில், நான் கீழே.
விடிந்து பார்த்தால் தொங்கியது ஒரு கொண்டைக்குருவி,
அதன் பக்கத்தில் ஒரே ஒரு செங்கண்ணி.
செங்கண்ணி இழையைக் கடித்துக்கொண்டு தானே பறந்தது.
குருவியை அவன் தொப்பிக்குள் பிடித்து
நகவெட்டியால் இழை இழையாய் அறுத்தான்.
அரைநாள் போனது.
அந்த அரைநாளுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

அடுத்து, பருந்துக் குரல் பெட்டி.
மூன்று நாள் மரங்கள் காலி.
நாலாம் நாள் மைனா அதைக் கற்றுக்கொண்டது.
இப்போது எங்களிடம் ஒரு பருந்து இருக்கிறது,
மூக்கால் கத்துகிற பருந்து,
அதற்கும் புகார்.

கடைசியில் கிளையைத்தான் குறைத்தேன்.
அடர்த்தி போனால் காற்று உள்ளே நுழையும்,
தோளோடு தோள் ஒட்டித் தூங்க இடமிருக்காது.
மருந்தில்லை, துப்பாக்கியில்லை.
பத்தாம் மாலை வானத்தில் ஒரு திருப்பம்,
நனைந்த சேலையை உதறினாற்போல்.
அவ்வளவுதான்.
கார்கள் சுத்தம். குழு கைதட்டியது.
எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம்,
ரஃபிக்குலுக்குப் பொரித்த கோழி.

இரண்டு வாரத்தில் தொலைபேசி.
ஓடைக்கு அந்தப் பக்கம், எதிர்க் கொண்டோ.
'திடீரென்று பறவைத் தொல்லை.
உங்களைத்தான் சிபாரிசு செய்தார்கள்.'

போனேன். அங்கும் கெலாட்,
அங்கும் அதே வடிவமைப்பாளர்.
ஜாகா எனக்கு ஒரு குடை நீட்டினார்.
ஆறே முக்காலுக்கு இறங்கின.
தாழ்ந்த கிளையில் ஒன்று,
காலில் பச்சை நைலான், ஒரு விரல் நீளம்,
காற்றில் ஆடிக்கொண்டு.
அது என்னைப் பார்த்தது என்று சொல்ல மாட்டேன்.
பழத்தைப் பார்த்தது.

இரவு விலைப்புள்ளி எழுதினேன்.
கிளை குறைப்பு, பத்து நாள், இரண்டு ஆள் கூலி, லோரி வாடகை.
பறவைகள்: சுமார் ஆயிரத்து இருநூறு.
பக்கத்தில் 'பழைய வாடிக்கையாளர்கள்' என்று எழுதி
அடித்துவிட்டு,
கீழே பத்து விழுக்காடு தள்ளுபடி போட்டேன்.

ஏன் என்று கேட்டார்கள்.
பண்டிகைக் காலம் என்றேன்.